நாலு மணிக்குள் விடுதலை

பெண் சம்மதித்துவிட்டாள். பையன் சம்மதித்துவிட்டான். இரண்டு வீட்டுக்காரர்களும் சண்டை போட்டுக் களைத்துச் சம்மதித்துவிட்டார்கள். புறா மட்டும்தான் பாக்கி.

அந்த நகரத்தில் புறா விடாமல் கல்யாணம் செல்லாது. கையெழுத்துப் போடலாம், மோதிரம் மாற்றலாம், வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டு உப்புக் கம்மி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனாலும் பெண்ணைப் பெற்றவன் தன் கையால் ஒரு வெள்ளைப் புறாவை வானத்தில் விட்டு, மங்கல விடுவிப்புத் துறை அதைப் பார்த்து முத்திரை குத்தினால்தான் அதற்குப் பெயர் கல்யாணம். அதுவரை அது வெறும் விருந்து.

எப்போதோ யாரோ ஒரு பெரிய மனிதர் மகள் கல்யாணத்தில் சந்தோஷம் தாங்காமல் ஒரு புறாவைப் பறக்கவிட்டாராம். அதைப் பார்த்து இன்னொருவர் செய்தார். இன்னொருவர் செய்ததால் எல்லோரும் செய்தார்கள். எல்லோரும் செய்வதை மேற்பார்வை பார்க்க ஒருவர் தேவைப்பட்டார். அவருக்கு உட்கார நாற்காலி, நாற்காலியை வைக்க அறை, அறை தனியாக நிற்குமா, அதற்கொரு கட்டடம். இப்போது மூன்று மாடி. மேல்மாடியில் புறாக்கள் இருக்கின்றன. கீழே இரண்டு மாடிகளிலும் புறாக்களைப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டடத்தின் படியில்தான் நம் டிரைவிங் மாஸ்டர் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு பழைய கார், அதன் கூரையில் சிவப்பு 'எல்' எழுதிய பலகை, இதுதான் அவருடைய டிரைவிங் ஸ்கூல். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒரு பிரேக் உண்டு. இருபது வருடமாக அந்த பிரேக்கின் மேலேயே வாழ்க்கை நடத்தியதில், மாஸ்டரின் வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். சினிமாவில் கார் வந்தாலும் மிதிக்கும். வீட்டில் மனைவி குரலை உயர்த்தினால் சோபாவின் கீழே தரையைத் தேடும்.

கல்யாணம் அவருடைய ஒரே மகளுக்கு. மகள் நர்ஸ். தூரத்துத் துறைமுக நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்ந்தாற்போல் வேலை கிடைத்திருந்தது. கல்யாணத்தன்று சாயங்கால ரயிலைப் பிடித்தால்தான் மறுநாள் வேலையில் சேர முடியும். தம்பதி என்றால் ஒரு அறையும் சமையலறையும் உண்டு. ஆனால் முத்திரை குத்திய கல்யாணச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு ஊரின் இந்தக் கோடியில் பெண்கள் விடுதி, அவனுக்கு அந்தக் கோடியில் ஆண்கள் விடுதி.

"கல்யாணம் ஆன மறுநாளே ஆளுக்கொரு மூலையா?" என்று மகள் கேட்டபோது, "அப்பா இருக்கேன் பாப்பா, முத்திரையோடதான் ரயில் ஏறுவே" என்று மாஸ்டர் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் விடுவிப்புப் பயிற்சி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவந்தது.

பயிற்சி கொடுத்தவர் பறத்தல் கண்காணிப்பாளர் அம்மா. நல்ல மனசுக்காரர். துறைக்குள் அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் வைத்திருந்தார். காலுறைக்குள் பஞ்சை அடைத்து, கண்ணுக்கு இரண்டு பொத்தான் தைத்த ஒரு பொம்மைப் புறாவை மாஸ்டரின் கையில் வைத்தார்.

"இப்ப விடுங்க சார்."

மாஸ்டர் விட்டார். காலுறை பொத்தென்று விழுந்தது.

"கை சரி. முகம் சரியில்ல. அறுபது பங்கு சந்தோஷம், நாப்பது பங்கு பிரிவு இருக்கணும். உங்க முகத்துல மொத்தமும் பயமா இருக்கு."

"என் முகமே அதுதாம்மா. புதுசா ஓட்டுறவங்க பக்கத்துலயே உக்காந்து உக்காந்து அப்படியே நின்னு போச்சு."

"சரி, அந்த வலது கால் என்ன பண்ணுது?"

கையைத் திறக்கும்போதெல்லாம் வலது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் கீழே பார்த்து, யாரோ தெரியாத ஆளின் காலைப் பார்ப்பதுபோல் வருத்தப்பட்டார்.

"ஒரு பக்கம் விடுறீங்க, இன்னொரு பக்கம் நிறுத்துறீங்க. பறவை குழம்பிடும் சார். நாளைக்கு மறுபடி வாங்க."

தன்னிடம் படித்தவர்களை எத்தனையோ தடவை 'மறுபடி வாங்க' என்று அனுப்பிய மனிதர், மூன்று தடவை மறுபடி போனார். மூன்றாவது தடவை கண்காணிப்பாளரம்மா பரிதாபப்பட்டுத் தேர்ச்சி கொடுத்தார்.

"விட்டதுக்கு அப்புறம் என்னம்மா ஆகும்?"

"நேரா இங்க வந்துடும். நாலு மணிக்குக் கூண்டுல எண்ணுவோம். கால் வளையத்தைப் பார்த்துட்டு முத்திரை குத்திடுவோம்."

"திரும்பி வந்துட்டா அப்புறம் அது விடுதலையே இல்லையேம்மா."

"வரலைன்னா அது விடுதலை ஆச்சா, பூனை வாயில போச்சான்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும்? சந்தேகத்துக்கு இடமில்லாத விடுதலைன்னா அது திரும்பி வந்தே ஆகணும்."

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். எங்கோ இடித்தது. எங்கே என்று தெரியவில்லை. ஆபீஸ் விஷயம், படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

"உங்க அதிர்ஷ்டம், எங்க மூத்த பறவையே உங்களுக்கு வருது. ஒரு நாள்கூட தாமதமா வந்ததில்ல. உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள் அது ஓய்வு பெறுது."

"புறாவுக்கு ஓய்வா?"

"வளையத்துக்கு சார். வளையத்துக்குன்னு பணிக்காலம் இருக்கு. பறவை அதுல மாட்டியிருக்கு, அவ்வளவுதான்."

கல்யாணத்தன்று காலை புறாவைக் கூடையில் வைத்து, பெண் வீட்டுக் காரிலேயே மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. காரை மணப்பெண்ணே ஓட்டினாள். "மேக்கப்போட ஓட்டுறியேடி" என்று அம்மா பின்னாலிருந்து புலம்பினாள். மாஸ்டர் பக்கத்து இருக்கையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் மிதித்தார். கார் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று.

"அப்பா, காலை எடுங்க."

"எடுத்துட்டேன் பாப்பா."

"எடுக்கல. வண்டி இருமுது பாருங்க."

கூடைக்குள்ளிருந்து புறா தலையை நீட்டி, ஏதோ யோசனை வந்ததுபோல் காரின் கூரையைப் பார்த்தது.

மண்டபத்தில் மோதிரம் மாற்றியாயிற்று. கையெழுத்துப் போட்டாயிற்று. பிறகு மங்கல விடுவிப்புத் துறையின் இயக்குநர் மேடை ஏறினார். தொண்டையைச் செருமினாலே ஒரு பத்தி முடிந்தமாதிரி இருக்கும், அப்படிப்பட்ட பேச்சாளர்.

"அன்பார்ந்த மணமக்களே. சுதந்திரம் என்றால் என்ன? இஷ்டத்துக்குப் போவதா? இல்லை. இஷ்டத்துக்குப் போவதற்கு ஒரு துறை தேவையில்லை. துறை இல்லாத சுதந்திரத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். எங்கள் பறவைகளைப் பாருங்கள். அவை வானத்தில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். மாலை நான்கு மணிக்குள் போய் வர வேண்டும், அவ்வளவுதான். என் வாழ்நாள் முழுவதையும் விடுதலைக்காகவே செலவிட்டவன் நான். அதனால்தான் இருபத்திரண்டு வருடமாக நான் இன்னும் அதே அறையில் இருக்கிறேன்."

கூட்டம் கைதட்டியது. முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டியது. அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். மாஸ்டரின் கைக்குள் புறா முதலில் தூங்கியது. பிறகு விழித்தது. இயக்குநர் 'தளைகளிலிருந்து விடுபடுதல்' என்ற இடத்துக்கு வந்தபோது மாஸ்டரின் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. அந்த மேடையில் முதலில் விடுதலை பெற்றது அதுதான்.

"விடுக" என்றார் இயக்குநர், கடைசியில்.

மாஸ்டர் கையைத் திறந்தார். அறுபதுக்கு நாற்பதெல்லாம் நினைவில் இல்லை. பக்கத்தில் நின்ற மகளின் முகத்தைத்தான் பார்த்தார். புறா எழுந்தது. மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. வழக்கமாக அந்த இடத்தில் வலது பக்கம் திரும்பி, தூரத்தில் தெரியும் துறைக் கட்டடத்தைப் பார்த்துப் போகும். இன்று அது அந்தக் கட்டடத்தை ஒரு தடவை நின்று நிதானமாகப் பார்த்தது. இடது பக்கம் திரும்பிப் போய்விட்டது.

எல்லோரும் ஆரவாரமாகக் கைதட்டினார்கள். கண்காணிப்பாளரம்மா மட்டும் தட்டவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மாஸ்டர், மனைவி, மகள், மாப்பிள்ளை, மாஸ்டரின் மைத்துனன், எல்லோரும் அதே காரில் அடைந்துகொண்டு துறைக்கு வந்து வாசலில் காரை நிறுத்தினார்கள். மொட்டைமாடியில் இரண்டு மாடி ஊழியர்களும் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களும் அண்ணாந்தார்கள். ஒரு காகம் போயிற்று. ஒரு பிளாஸ்டிக் பை போயிற்று. பைக்கு இரண்டு பேர் கைதட்டப் பார்த்தார்கள்.

மைத்துனனுக்கு எல்லா ஆபீஸிலும் ஆள் தெரியும். ஆளுக்கு இவனைத் தெரியாது, அதுதான் குறை. "மச்சான், கவலைப்படாதீங்க. என் விசிலுக்கு வராத புறாவே கிடையாது" என்று விசில் அடித்தான். கீழே தெருவில் ஒரு நாய் வந்து நின்றது.

மூன்றரை ஆயிற்று. இயக்குநர் மாஸ்டரைத் தன் அறைக்குள் கூப்பிட்டார்.

"என்ன சார் செஞ்சு வச்சிருக்கீங்க? இந்தத் துறை ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு பறவைகூட விடுதலையானதில்ல. ஒண்ணுகூட. நேத்துவரைக்கும் நெஞ்ச நிமிர்த்திச் சொல்லிட்டிருந்தேன். இன்னைக்கு உங்க கையால ஒண்ணு ஆகிப்போச்சு. மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"நான் நீங்க சொன்னபடிதான் விட்டேன் சார்."

"விடச் சொன்னோம். போகச் சொன்னோமா?"

மாஸ்டரின் வலது கால் மேஜையின் கீழே மிதித்தது.

"இப்ப என்ன சார் வழி? பொண்ணு சாயங்கால ரயிலுக்குப் போகணும்."

"வேற பறவை வச்சு நாளைக்கு மறுபடி கல்யாணம் பண்ணுங்க. பெண், மாப்பிள்ளை அதே ஆளா இருந்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

"நாளைக்கு ரயில் போயிருக்குமே சார்."

"ரயில் எங்க துறை இல்ல."

அறை வாசலில் நின்ற கண்காணிப்பாளரம்மா மெதுவாக உள்ளே வந்தார். "சார், பழைய விதி ஒண்ணு இருக்கு. பறவை வரலைன்னா விட்டவரே அதுக்குப் பதிலா கூண்டுக்கு வந்துடணும். ஜனங்கள பயமுறுத்துறதுக்காகப் போட்டது. யாரும் உபயோகிச்சதில்ல."

இயக்குநர் மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு புறாவாக அவர் எப்படி இருப்பார் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தார் போலிருக்கிறது.

"சோளம் சாப்பிடுவாரா?"

"சார் கிட்டதான் கேக்கணும் சார்."

"சாப்பிடுவேன்" என்றார் மாஸ்டர். மகளுடைய ரயிலைத் தவிர அவர் தலையில் அப்போது வேறு எதுவும் ஓடவில்லை. "எதுக்கும் வேக வச்சுக் குடுத்தா நல்லது."

கால் வளையம் மனிதக் காலுக்கு ஏறாது. வலது கால் கட்டைவிரலில் சோப்பு தடவி, பெரிய அளவில் ஒன்றை மாட்டினார்கள். மூத்த பறவையின் எண்ணையே அதில் பொறித்தார்கள், வரிசை கெடக்கூடாது அல்லவா. சட்டை ஏற்கெனவே கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. அதனால் சீருடைப் பிரச்சினை எழவில்லை.

நாலு மணி அடித்தது. கம்பிவலைக்கு வெளியே நின்று ஓர் ஊழியர் எண்ணினார். மாஸ்டரிடம் வந்ததும் ஒரு நொடி நின்றார், பிறகு அதே குரலில் எண்ணி முடித்தார். "எல்லாப் பறவையும் வந்தாச்சு." கீழே மாப்பிள்ளையின் கையில் சான்றிதழ் வந்தது, ஈரம் காயாத முத்திரையோடு.

மகள் மேல்மாடிக்கு ஓடிவந்தாள். கல்யாணப் புடவையோடு கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மாஸ்டர் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். மூத்த பறவையின் இடம், காற்று வரும் ஜன்னலோரம்.

"அப்பா, வெளிய வாங்க. ரயில் போனா போகட்டும். விடுதியில இருந்துக்கறேன்."

"முத்திரை குத்திட்டாங்களா?"

"குத்திட்டாங்க."

"அப்புறம் என்ன. நாளைக்கு வேற ஒரு கல்யாணத்துல என்னை விடுவாங்களாம். வசதியாத்தான் இருக்கு. இங்க யாரும் சத்தமா பேசுறதில்ல."

"நீங்க ஸ்டேஷனுக்கு வரணும்னு நெனச்சேம்பா."

பக்கத்தில் இருந்த ஒரு புறா வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது, நாகரிகம் தெரிந்த பறவை. மகள் கீழே பார்த்தாள். சோள உமிக்குள் அப்பாவின் வலது கால், வளையம் மாட்டிய கட்டைவிரலோடு, பலகையை அழுத்திக்கொண்டிருந்தது.

"அப்பா. காலை எடுங்க. நான் கிளம்பணும்."

அவர் குனிந்து இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கி, கட்டையின் மேலே மடக்கி வைத்துக்கொண்டார். அவள் சிரிக்கப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேகமாகப் படி இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைய இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. புறாக்கள் குறட்டை விடுவதில்லை. அவைதான் பாவம், தூங்கவில்லை.

மறுநாள் ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். கூடை கொள்ளவில்லை என்று மாஸ்டரை ஒரு பெரிய பெட்டியில் வைத்து மேடைக்குக் கொண்டுவந்தார்கள். நேற்றுப் பேசிய பேச்சையே இயக்குநர் இன்றும் பேசினார். ஒரு மாற்றமும் இல்லை. தண்ணீர் குடித்த இடமும் அதேதான். "விடுக" என்றதும் ரொட்டிக்கடைக்காரர் பெட்டியின் கதவைத் திறந்தார். உள்ளிருந்து வழுக்கைத் தலையோடு ஒரு பறவை எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டது.

"அண்ணே, நீங்க..." ரொட்டிக்கடைக்காரர் குனிந்து ரகசியமாகக் கேட்டார், "நாலு மணிக்குள்ள வந்துடுவீங்கதானே? வரலைன்னா என்னைப் போட்டுடுவாங்களாம். அங்க கடையில அடுப்பு எரியுது."

"வந்துடறேன். பொண்ணு எங்க போகுது?"

"ரெண்டு தெரு தள்ளிதான்."

"குடுத்து வச்சவர்" என்றார் மாஸ்டர்.

கூட்டம் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கைதட்டியது. வழக்கம். மாஸ்டர் கீழே நடுவழியாக நடந்து, இரண்டு பேரிடம் 'கொஞ்சம் வழி விடுங்க' என்று கேட்டு, வாசலுக்கு வந்து பஸ் ஏறினார்.

வீட்டு வாசலில் கார் நின்றது. கூரையில் எல் பலகைக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைப் புறா உட்கார்ந்திருந்தது. காலில் வளையம். மாஸ்டர் தன் கால் வளையத்தையும் அதன் கால் வளையத்தையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரே எண்.

"வந்துட்டீங்களா" என்று மனைவி வெளியே வந்தாள். "அதை விரட்டாதீங்க. நேத்து சாயங்காலத்துல இருந்து நம்ம கூடத்தான் இருக்கு."

"நேத்துல இருந்தா?"

"உங்கள உள்ள வச்சுட்டு நாங்க கீழ வந்தா, ஆபீஸ் வாசல்ல நம்ம கார் மேல உக்காந்திருக்கு. எப்ப வந்துச்சோ. எல்லாரும் வானத்தையே பார்த்தா வாசல்ல இருக்கறத யார் பாக்கறது."

மாஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்பவே மேல வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் திரும்பினேன். அப்பதான் முத்திரை குத்தின பேப்பர் மாப்பிள்ளை கைக்கு வந்துச்சு. இந்தப் பறவையையும் கொண்டுபோய்க் காட்டினா, ரெண்டு உயிர் திரும்பி வந்துருச்சு, எங்கயோ ஒரு கல்யாணம் குறையுதுன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ராத்திரி முழுக்க உங்கள வச்சுக்கிட்டாலும் சோளமாவது போடுவாங்க. ரயில் போனா திரும்ப வருமா?"

இருபத்தேழு வருடக் குடும்ப வாழ்க்கையில் மாஸ்டர் இந்த மாதிரிக் கணக்குகளுக்கு எதிராக ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. தலையாட்டினார்.

"கார் கிளம்பினா பறந்துடும்னு நெனச்சேன். பறக்கல. பாப்பாதான் ஸ்டேஷனுக்கு ஓட்டினா. அதுவும் மேல உக்காந்து கூடவே வந்துச்சு. ரயில் நகர்ற வரைக்கும் பிளாட்பாரத்து ஓரமா நின்னு பார்த்துட்டுதான் வந்துச்சு."

மாஸ்டர் புறாவை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "பாப்பா எப்படி ஓட்டினா?" என்றார்.

"நீங்க இல்லையா, வண்டி குலுங்கவே இல்ல."

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மகள்தான்.

"அப்பா, வந்து சேர்ந்துட்டோம். நீங்க எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான். உங்கம்மா சோறு போட்டிருக்கா. ரூம் குடுத்தாங்களா?"

"குடுத்துட்டாங்கப்பா. ஒரு ஜன்னல் இருக்கு, திறந்தா கப்பல் தெரியுது."

"முத்திரைய பார்த்தாங்களா? தெளிவா இருந்துச்சா?"

"கேக்கவே இல்லப்பா. கல்யாணம் ஆயிடுச்சான்னாங்க, ஆமான்னேன், சாவியக் குடுத்துட்டாங்க. நானாத்தான் பேப்பரை நீட்டினேன். வாங்கி, ஈ விழாம இருக்க டீ கிளாஸ் மேல மூடி வச்சுட்டாங்க."

மாஸ்டர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. புரையேறிவிட்டது என்று மனைவி தலையில் தட்டினாள்.

"அப்பா? கோவமா?"

"இல்ல பாப்பா. டீ ஆறாம இருக்கும்ல."

போனை வைத்துவிட்டு மணியைப் பார்த்தார். எழுந்து செருப்பை மாட்டினார். வளையம் இடித்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி. "விட்டுட்டாங்கல்ல. போகலைன்னா உங்கள வந்து புடிக்கவா போறாங்க?"

"என்னைப் புடிக்க மாட்டாங்க. ரொட்டிக்கடைக்காரரைப் போட்டுடுவாங்க. அந்த மனுசன் அடுப்ப அப்படியே விட்டுட்டு வந்திருக்கார்."

மனைவி உள்ளே போய், பையில் அவருடைய துவாலையும் தலையணையும் எடுத்துக்கொண்டு வந்தாள். "கட்டை உறுத்தும்" என்றாள். கிளம்பும்போது மாஸ்டர் கார் மேலிருந்த புறாவைப் பார்த்தார். இரண்டு பேரில் ஒருவர் போயே ஆக வேண்டும். புறாவும் அவரைப் பார்த்தது. 'நான் பதினோரு வருஷம் போயிட்டேன்' என்பதுபோல் இறக்கைக்குள் அலகைச் செருகிக்கொண்டது.

நாலு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது அவர் துறைக்குப் போய்ச் சேர்ந்தார். மொட்டைமாடியில் ஊழியர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படி வழியாக ஏறி வந்தவரை யாரும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு நடுவில் ரொட்டிக்கடைக்காரர், ஒரு காலில் ஏற்கெனவே சோப்பு தடவி, நின்றுகொண்டிருந்தார். மாஸ்டரைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார். சட்டையில் மாவு ஒட்டியது.

"வந்தாச்சு" என்று எண்ணுகிறவர் எண்ணி முடித்தார். ரொட்டிக்கடைக்காரர் சோப்புக் காலோடு வழுக்கி வழுக்கி அடுப்பைப் பார்க்க ஓடினார்.

மாஸ்டர் பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கட்டையில் ஏறப்போனார். கண்காணிப்பாளரம்மா வந்து கையைப் பிடித்துக் கீழ்மாடிக்கு அழைத்துப்போனார். அங்கே நாற்காலிகள் போட்டு, மேஜையில் பூங்கொத்து வைத்திருந்தது. இரண்டு மாடி ஊழியர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னம்மா இது?"

"மறந்துட்டீங்களா சார்? உங்க வளையத்துக்கு இன்னைக்கு ஓய்வு."

இயக்குநர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"நம் துறையின் மூத்த பறவை இன்று விடைபெறுகிறது. பதினோரு வருடம். எத்தனையோ கல்யாணங்கள். வெயில், மழை பார்க்காமல் பறந்தவர். என்றாவது கூடுதலாகச் சோளம் கேட்டதுண்டா? இல்லை. எந்த மணமகள் தலையிலாவது எச்சமிட்டதுண்டா? ஒரே ஒரு தடவை, அதுவும் மழை நாள். நேற்று ஒரு சின்னக் குழப்பம் வந்தது. அதையும் அவரே முன்வந்து, படி ஏறி, சரிசெய்தார். இளைய பறவைகள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். இறக்கை இருந்தால் போதாது, மனசாட்சி வேண்டும்."

கைதட்டல் நீண்டது. முன்வரிசையில் ஒரு ஊழியர் உண்மையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டருக்கே தான் பதினோரு வருடம் பறந்தோமோ என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. தோள்பட்டைகூட லேசாக வலித்தது.

"ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டார்கள்.

மாஸ்டர் எழுந்து யோசித்தார். "ஜன்னலோரக் கட்டை கொஞ்சம் ஆடுது" என்றார். "அடுத்து வர்றவருக்கு ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க." உட்கார்ந்துவிட்டார். அந்தத் துறையில் இவ்வளவு சுருக்கமாக யாரும் பேசியதில்லையாம், அதையும் கைதட்டிப் பாராட்டினார்கள்.

சோப்புப் போட்டு வளையத்தைக் கழற்றினார்கள். ஆயுள் முழுவதும் மாதம் ஒரு மூட்டை சோளம் ஓய்வூதியம் என்று அறிவித்து, முதல் மூட்டையை அங்கேயே தோளில் ஏற்றினார்கள். வாசல்வரை வந்த கண்காணிப்பாளரம்மா தாழ்ந்த குரலில், "அது நல்லா இருக்கா சார்?" என்று கேட்டார்.

"எது?"

"நேத்து நானும் மேல இருந்துதான் பார்த்துட்டு இருந்தேன். நான் கொஞ்சம் கீழயும் பார்ப்பேன்."

மாஸ்டர் அவரையே பார்த்தார். "நல்லா இருக்கும்மா" என்றார்.

இப்போதும் அந்த எல் பலகைக் காரை அந்தப் பக்கம் பார்க்கலாம். யாராவது ஒருவர் நடுங்கிக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்தில் மாஸ்டர் உட்கார்ந்திருப்பார், வலது காலை இடது காலின் மேல் போட்டபடி. காரின் குலுக்கல் நின்றுபோய்விட்டது. மேலே புறா உட்கார்ந்திருக்கும். மாதாமாதம் வரும் மூட்டை முழுவதையும் அதுதான் தின்கிறது. அதற்குக் கதவு எதுவும் கிடையாது, கம்பிவலையும் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் போகலாம். சில நாள் போகவும் போகிறது, எங்கே என்று தெரிவதில்லை. பிறகு வந்துவிடுகிறது.

மகளும் வருகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறாள். எப்போது என்று மாஸ்டர் கேட்கவில்லை. கேள்வி வாய்வரை வந்தது. மனைவி, தரையை மிதித்துக்கொண்டிருந்த அவர் வலது காலைப் பார்த்தாள். அவர் அதைத் தூக்கி மடித்து வைத்துக்கொண்டார்.